வேளை தவறாத வீட்டுப்பள்ளி

கோயில் பிராகாரத்தில் அமர்ந்து இளைப்பாறும் முதியவர்களின் உரையாடலில் அண்மைக் காலமாகப் புதிய கவலையொன்று செவியில் விழுகிறது. "மகனும் மருமகளும் பேரனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கப் போகிறார்களாம். பிள்ளையின் எதிர்காலம் என்ன ஆகுமோ?" என்பதே அக்கவலை. சிலருக்கு இதில் கோபம், சிலருக்கு அச்சம். வேறு சிலருக்கோ, "நம்மையும் ஒரு பாடம் சொல்லித் தரச் சொல்கிறார்கள், எங்கிருந்து தொடங்குவது?" என்ற தயக்கம்.

இம்முடிவுக்கான காரணம் வீட்டுக்கு வீடு வேறுபடும். அடிக்கடி ஊர் மாற்றும் உத்தியோகம், குழந்தையின் உடல்நிலை, வகுப்பின் வேகத்தோடு ஒத்துப்போகாத மனநிலை, இசையிலோ விளையாட்டிலோ தீவிரப் பயிற்சி எனப் பல உண்டு. முடிவு சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வது இந்த வாரத்தின் நோக்கமன்று. முடிவு எடுத்தாயிற்று, இனி அந்த வீட்டில் நாள் எப்படி நடக்க வேண்டும், எந்தப் பாடத்தைக் கைக்கொள்ள வேண்டும், அதில் பெரியவர்களுக்குரிய பங்கு எது என்பதையே பார்க்க விழைகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டுக்கல்வி நிலைப்பதும் சரிவதும் வாங்கிக் குவிக்கும் புத்தகங்களால் அன்று, தவறாமல் காக்கப்படும் வேளையால். அந்த வேளைக்குக் காவலாக நிற்கும் தகுதி தாத்தா பாட்டியருக்கே மிகுதியாக உண்டு.

நம் மண்ணிலேயே ஒரு முன்மாதிரி

குமரி மாவட்டத்து முன்சிறைக்கு அருகே பார்த்திவசேகரபுரம் என்ற திருமால் தலம் இருக்கிறது. ஆய் வேந்தன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் அங்கே கோயிலை எடுப்பித்தான். கோயிலோடு சேர்த்து ஒரு கல்விச் சாலையையும் நிறுவினான். காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்ட அந்தச் சாலையைப் பற்றிச் செப்பேடு விரிவாகப் பேசுகிறது. அங்குப் பயின்ற சட்டர்கள் 95 பேர். எந்த வேதப் பிரிவுக்கு எத்தனை இடம் என்பதும் வரையறுக்கப்பட்டிருந்தது: 45, 36, 14 என்று மூன்று பகுப்பு. சாலையில் சேர்வோர் முன்னதாகப் பெற்றிருக்க வேண்டிய கல்வித் தகுதி, அவர்களுடைய உணவுக்கான நிலம், ஆயுதம் தாங்கி அவைக்கு வரலாகாது என்பது போன்ற ஒழுங்கு விதிகள் ஆகிய யாவும் எழுத்தில் இடம்பெற்றன.

அந்தச் சாலை எல்லோருக்கும் திறந்திருந்த பள்ளியன்று. ஒரு பிரிவினருக்கே உரியது. ஆயினும், கல்வியைத் தொடங்குவோர் முதலில் எவற்றை முடிவு செய்தார்கள் என்பதை அதில் காணலாம். யார் கற்பது, எதைக் கற்பது, எவ்வளவு தகுதியோடு தொடங்குவது, உணவுக்கு வழி என்ன, நடத்தைக்கு எல்லை எது ஆகிய ஐந்தும் முதல் நாளுக்கு முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்டன. தொண்டை நாட்டின் தென்பகுதியில் எண்ணாயிரம் என்ற ஊரில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டும் இவ்வாறே பேசுகிறது. அங்கே 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். இளநிலையில் 270 பேர், உயர்நிலையில் 70 பேர். உயர்நிலையினரில் 25 பேர் இலக்கணமும், 35 பேர் மீமாம்சையும், 10 பேர் வேதாந்தமும் பயின்றனர். எல்லோரும் எல்லாவற்றையும் படிக்கவில்லை. பேரரசன் நிறுவிய கல்லூரியே தேர்ந்தெடுத்துத்தான் கற்பித்தது என்றால், ஏழு வயதுக் குழந்தைக்கு ஒரே ஆண்டில் ஒன்பது பாடங்களைத் திணிக்க வேண்டியதில்லை அல்லவா?

பள்ளியும் வீடும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கும் நம் பக்கத்திலேயே சான்று உண்டு. மயிலாடிக்கு அருகிலுள்ள தேரூரில் 1876இல் பிறந்தவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர் அரசின் பகுதி. ஆகையால் தொடக்கப் பள்ளியில் அவருக்குக் கிடைத்தது மலையாளக் கல்வி. தமிழை அவர் பள்ளிக்கு வெளியே, திருவாவடுதுறை ஆதீனத்தின் கிளை மடத்தில் இருந்த சாந்தலிங்கத் தம்பிரானிடம் கற்றார். பிற்காலத்தில் அவர் 36 ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றினார். குழந்தைகளுக்கு அவர் எழுதிய பாடல்கள் இன்றும் வீடுதோறும் ஒலிக்கின்றன. பள்ளி தராத ஒன்றை ஒரு பெரியவர் தம் வேளையை ஒதுக்கித் தந்ததன் பயன் அது.

தொடங்கும் முன் அறிய வேண்டியவை

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு கூறுகிறது. வீட்டுக்கல்வி என்ற ஒன்றுக்கு அச்சட்டம் தனி ஏற்பு எதுவும் அளிக்கவில்லை. எனவே இந்த வழியில் செல்லும் குடும்பம் கண்ணை மூடிக்கொண்டு செல்லலாகாது. கற்பித்ததற்கான பதிவுகளை வைத்துக்கொண்டு, பள்ளிக்குத் திரும்பும் கதவையும் திறந்தே வைத்திருக்க வேண்டும். அந்தக் கதவைச் சட்டமே திறந்து வைத்திருக்கிறது என்பது ஆறுதலான செய்தி. பள்ளியில் சேராத, அல்லது இடையில் நின்ற குழந்தையை அதன் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ளவும், மற்றவர்களோடு சமமாக வரச் சிறப்புப் பயிற்சி அளிக்கவும் 4ஆம் பிரிவு வழிசெய்கிறது.

பிள்ளைகள் வெளிநாட்டில் வாழும் குடும்பங்களுக்கும் ஒரு சொல். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்விக்கு அனுமதி உண்டு. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. ஜெர்மனியிலோ பள்ளிக்குச் செல்வதே கட்டாயம். "அங்கே செய்கிறார்கள், இங்கே செய்தால் என்ன?" என்று நாட்டுக்கு நாடு ஒப்பிட்டு முடிவெடுப்பது பொருந்தாது.

அடுத்தது சான்றிதழ். எட்டு வயதில் இந்தக் கேள்வி தொலைவில் இருப்பதாகத் தோன்றும். பதினைந்து வயதில் கழுத்தை நெரிக்கும். நம் நாட்டில் பெரும்பாலோர் நாடும் வழி, மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1989இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வை 14 வயது நிரம்பியவர்கள் எழுதலாம். குறைந்தது ஐந்து பாடங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு. பதிவு ஐந்தாண்டுகள் செல்லும். அதற்குள் ஒவ்வொரு பாடமாகவும் எழுதி முடிக்கலாம். சிறு குழந்தைகளுக்கு மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையான மூன்று நிலைகளும் அங்கே உண்டு. தமிழக அரசின் தேர்வுத் துறையும் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத வாய்ப்பளிக்கிறது. அதற்கு வயது பன்னிரண்டரை ஆகியிருக்க வேண்டும். எந்த வழியைத் தேர்ந்தாலும், பின்னாளில் சேர விரும்பும் கல்லூரியோ பணியோ அச்சான்றிதழை ஏற்குமா என்பதை முன்னதாகவே எழுத்தில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். வாய்மொழி உறுதியை நம்பிக் கடன் கொடுத்த வங்கி உண்டா?

நான்கு மணி நேரக் கணக்கு

"பள்ளியில் காலை முதல் மாலை வரை படிக்கிறார்களே; வீட்டில் அவ்வளவு நேரம் யார் உட்கார வைப்பது?" என்று பலர் மலைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், 800 கற்பித்தல் மணிகள். அதாவது ஒரு நாளுக்கு நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி நேரத்தில் ஆசிரியர் ஒருவரின் கவனம் 30 குழந்தைகளுக்குப் பங்கிடப்படுகிறது. வீட்டில் ஒரு குழந்தைக்கு ஒருவர். ஆகவே ஏழு வயதுக் குழந்தை அமர்ந்து படிக்க இரண்டு, இரண்டேகால் மணி நேரம் போதும் என்பது என் எண்ணம். எஞ்சியது விளையாட்டுக்கும் கைவேலைக்கும் கதைக்கும் உரியது.

அத்தகைய ஒரு நாளை இவ்வாறு வகுக்கலாம். காலை ஆறரைக்கு எழுந்து, நீராடி, விளக்கின் முன் நின்று, சிற்றுண்டி முடிக்கட்டும். எட்டரை முதல் ஒன்பது வரை வாய்ப்பாடம்: நேற்றுப் படித்ததைத் திரும்பச் சொல்லுதல், ஒரு செய்யுள், ஒரு பெருக்கல் வாய்ப்பாடு. ஒன்பது முதல் ஒன்பது நாற்பது வரை தமிழ். பத்து நிமிடம் ஓடியாடி வந்தபின் பத்தரை வரை கணக்கு. அரை மணி இடைவேளை. பதினொன்று முதல் பதினொன்றரை வரை ஆங்கிலம். அத்தோடு அமர்ந்து படிக்கும் வேலை முடிந்தது. பிற்பகல் மூன்று மணிக்குச் செடி வளர்த்தல், படம் வரைதல், எறும்புப் புற்றைக் கவனித்து எழுதுதல் போன்றவை. நாலரை முதல் ஆறு வரை தெருப் பிள்ளைகளோடு விளையாட்டு. வீட்டில் படிக்கும் குழந்தைக்குத் தோழமை தானாக வாய்க்காது. ஆகவே எந்தக் காரணத்தாலும் இதைக் குறைக்கலாகாது. மாலை விளக்கேற்றியபின் ஏழு முதல் ஏழரை வரை தாத்தா பாட்டியின் நேரம்.

இந்த அட்டவணை முழுவதையும் முதல் திங்கட்கிழமையே தொடங்கிவிடாதீர்கள். முதல் வாரம் வாய்ப்பாடமும் தமிழும் மட்டும். இரண்டாம் வாரம் கணக்கைச் சேர்க்கலாம். மூன்றாம் வாரம் ஆங்கிலம்; பிற்பகல் வேலை நான்காம் வாரம். தொடர் வைப்புக் கணக்கில் மாதாமாதம் செலுத்தும் சிறு தொகைபோல, தவறாமல் செலுத்துவதில்தான் அதன் வலிமை இருக்கிறது.

திருக்கோயிலில் உஷக்காலம், உச்சிக்காலம், சாயரட்சை என்று வேளைகள் உள்ளன. கூட்டம் அலைமோதும் நாளிலும், மழையில் ஒருவரும் வராத நாளிலும் அந்தந்த வேளையில் மணி ஒலிக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் வரலாம், தாய்க்கு அசதி வரலாம், வீட்டுக்கு விருந்தினர் வரலாம். அத்தகைய நாளில் பாடத்தைக் குறையுங்கள்; வேளையைக் கைவிடாதீர்கள். நாற்பது நிமிடம் முடியாவிடில் பத்து நிமிடம் கதைப் புத்தகம் வாசிக்கட்டும். வேளை ஒருமுறை அறுந்தால், மீண்டும் முடிச்சுப் போட ஒரு மாதம் ஆகும்.

ஓய்வு நாளையும் முன்பே வகுத்துவிட வேண்டும். பழைய திண்ணைப் பள்ளிகளில் அமாவாசை, பௌர்ணமி, பிரதமை, அஷ்டமி ஆகியவை விடுமுறை. எந்த நாள் விடுப்பு என்பது ஆசிரியருக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். மனம் போனபோது விடும் விடுமுறைதான் ஒழுங்கைக் குலைக்கிறது.

பாடத்தைத் தேர்ந்தெடுத்தல்

மயிலாடியின் சிற்பக் கூடங்களில் உளியோசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். கல்லைத் தேர்ந்து, தட்டிப் பார்த்து, சமப்படுத்தி, அளவுக் கோடு இழுத்த பின்னரே வடிவம் தொடங்கும். கண் திறப்பது இறுதியில். பாடத்தேர்வும் அப்படித்தான். முதலில் கல்லைத் தட்டிப் பார்க்க வேண்டும். அதாவது, குழந்தை எந்த நிலையில் நிற்கிறது என்று அறிய வேண்டும். தமிழக அரசு 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையை வைத்தே பிரித்தார்கள். மூன்றாம் வகுப்பு வயது ஆகிவிட்டது என்பதற்காக மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்க வேண்டியதில்லை. ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டு இலக்கக் கழித்தல் கணக்கொன்றைக் கொடுங்கள். நான்கு வரி சொந்தமாக எழுதச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறதோ அதற்கு ஒரு படி கீழே தொடங்குங்கள். மொழியில் ஒரு நிலையும் கணக்கில் வேறு நிலையுமாக இருப்பதும் இயல்பே.

அடுத்து, ஒரே ஒரு பாடத்திட்டத்தை முதுகெலும்பாகக் கொள்ளுங்கள். தமிழக அரசின் பாடநூல்கள் விலை குறைந்தவை. இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன. சில ஆண்டுகளில் பள்ளிக்குத் திரும்பும் எண்ணமிருந்தால் இவையே ஏற்றவை. ஊர் மாறும் குடும்பத்துக்கு மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. நூல்கள் பொருந்தும். திறந்தநிலைப் பள்ளித் தேர்வே இலக்கு என்றால், அந்நிறுவனத்தின் நூல்களைப் பன்னிரண்டு வயது முதல் கையில் எடுக்கலாம். மூன்றையும் ஒன்றாக வாங்கி அடுக்குவதும், அதன்மேல் விளம்பரத்தைப் பார்த்து ஆயிரக்கணக்கில் பணம் கட்டிச் செயலிகளை வாங்குவதும் புதிய பெற்றோரிடம் மிகுதியாகக் காணப்படும் பழக்கம். மூன்று மாதம் ஒரு திட்டத்தை நடத்திப் பார்த்து, பொருந்தாவிடில் மாற்றிக்கொள்ளலாம். மூன்று வாரத்துக்கொன்று மாற்றினால் குழந்தைக்கு எந்தப் பாதையும் பழகாது.

வீட்டில் இரண்டு குழந்தைகள் இருந்தால் மூத்தது இளையதற்குச் சொல்லித் தரட்டும். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்த வேலை அதுவே. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பவர், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகும் முறையைப் பார்த்துத் தம் இல்லத்தில் அதனைப் புகுத்தினார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அங்கே வளர்த்தெடுத்தார். 1797இல் அவர் எழுதிய நூலின் வழியாக அது இங்கிலாந்தில் 'மதராஸ் முறை' என்ற பெயரோடு பரவியது. சொல்லிக் கொடுப்பவனே இருமுறை கற்கிறான்.

பெரியவர்களின் அரை மணி நேரம்

எங்கள் பக்கத்துப் பேரப்பிள்ளைகள் 'பாட்டா' என்று அழைத்துக்கொண்டு மடியில் வந்து ஏறுவார்கள். அந்த அரை மணி நேரத்தைப் பாடநூலால் நிரப்பாதீர்கள். நூலில் இல்லாதவை உங்களிடம் உண்டு. இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி என்று அரிசியை அளந்து காட்டினால், இரட்டிப்பும் பெருக்கலும் கையிலேயே பதியும். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, முந்திரி என்றால் 320இல் ஒன்று என்று சொல்லுங்கள். பின்னக் கணக்கு பிள்ளைக்கு விளையாட்டாகும். சுசீந்திரத்துக்கு அழைத்துச் சென்றால் இசைத் தூண்களைப் பற்றிக் கேட்டுச் சொல்லுங்கள். கோபுரத்தின் நிலைகளை எண்ணச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். வரலாறு, கணக்கு, தமிழ் மூன்றும் ஒரே மாலையில் அமைந்துவிடும்.

செய்யத் தகாதவையும் உண்டு. "எதிர் வீட்டுப் பையன் ஆறாம் வாய்ப்பாடு சொல்கிறான்" என்று ஒப்பிடாதீர்கள். மருமகள் கணக்குச் சொல்லித் தரும்போது இடையில் புகுந்து வேறு முறை காட்டாதீர்கள். மாற்றுக் கருத்து இருந்தால் குழந்தை இல்லாதபோது சொல்லுங்கள். "பள்ளிக்கே அனுப்பியிருக்கலாம்" என்று பிள்ளையின் காதுபட ஒருபோதும் சொல்லாதீர்கள். பெரியவர்களின் ஐயம் குழந்தையின் உள்ளத்தில் அச்சமாக முளைக்கும்.

இதைவிட முக்கியமான கடமை ஒன்று உண்டு. வீட்டுக்கல்வியின் சுமை பெரும்பாலும் ஒரே ஒருத்தியின் தோளில், அந்தத் தாயின் தோளில் விழுகிறது. சமையலும் அவளே, கணக்கும் அவளே, அதட்டலும் அவளே என்றால் ஆறு மாதத்தில் அவள் தளர்ந்துவிடுவாள். முற்பகல் இரண்டு மணி நேரம் அடுப்பங்கரையைப் பாட்டி ஏற்றுக்கொள்வதும், வாசலுக்கு வருவோரைத் தாத்தா எதிர்கொண்டு பேசி அனுப்புவதும், தொலைக்காட்சியை அந்நேரம் அணைத்து வைப்பதும் பாடம் சொல்லித் தருவதற்கு நிகரான கல்வித் தொண்டு. வேளையைக் காப்பது என்று நான் சொன்னது இதைத்தான்.

மற்றொரு சிறு வேலையும் உங்களால் இயலும். வங்கியில் அன்றன்றைய கணக்கை அன்றே சரிபார்த்து முடிப்பது வழக்கம். அதுபோல ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் மூன்று வரி எழுதி வாருங்கள்: தேதி, படித்த பாடம், குழந்தை தடுமாறிய இடம். மாதக் கடைசியில் குழந்தையின் எழுத்துத் தாள் ஒன்றை அதில் ஒட்டி வையுங்கள். முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். பள்ளியில் சேர்க்க நேர்ந்தால் தலைமையாசிரியரிடம் காட்டவும் அது உதவும்.

ஓராண்டு முடிவில் அந்த நோட்டைப் பெற்றோரும் பெரியவர்களும் சேர்ந்து அமர்ந்து புரட்டிப் பாருங்கள். குழந்தை வாசிப்பதில் தேறியிருக்கிறதா, தோழர்கள் இருக்கிறார்களா, தாயின் முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூன்றுக்கும் 'ஆம்' என்றால் தொடருங்கள். ஒன்றுக்கேனும் 'இல்லை' என்றால் எதைத் திருத்தலாம் என்று ஆலோசியுங்கள். திருத்த இயலாவிடில் அடுத்த சூன் மாதம் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். அதில் தோல்வி எதுவும் இல்லை. அந்த ஓராண்டில் குழந்தை கற்ற ஒழுங்கும், தாத்தாவின் கதையும், பாட்டியின் நாழிக் கணக்கும் அதனோடு பள்ளிக்கும் செல்லும்.